சிற்றிலும் சிறுதேரும்: மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் அதன் அட்டை மாதிரிகளும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஆண்பாற் பிள்ளைப் பருவங்கள் பத்தனுள் இறுதி மூன்றையும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வகுத்தனர். சிறுமியர் மணலாற் கட்டிய சிறுவீடும், சிறுவர் உருட்டிய சிறுதேரும் தமிழர்க்குப் பன்னூறாண்டுப் பழக்கமுடையன. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் குதிரையின்றி உருட்டிய மூன்று சக்கரத் தேரைப் பட்டினப்பாலையும் கூறும். பெரியோர் உலகத்துப் பொருளைச் சிறிதாக்கிக் கையகத்தே வைத்துப் பார்க்கும் விருப்பம் எக்காலத்தும் எந்நாட்டும் உள்ளதே. நீராவி இயந்திரம் தோன்றிய பின்னர் அவ்விருப்பம் இரும்புப் பாதையைப் பற்றிக்கொண்டது. சிறுதேர் மாதிரிப் புகையிரதமாயிற்று. சிற்றில் அதன் மருங்கில் நிற்கும் அட்டைக் கட்டடமாயிற்று.

இக்கலையைப் பயில்வோர் சிறுவர் மட்டுமல்லர். முதியோரும் பொறியியலாளரும் ஆசிரியரும் பல்லாண்டு உழைத்து ஒரு நிலையத்தையோ ஓர் ஊரையோ அட்டையாற் செய்து முடிக்கின்றனர். அவ்வாறு செய்யப்பட்ட கட்டடத்தினுள்ளே சிறு விளக்கை ஏற்றி, அறை இருளும்போது சாளரங்கள் ஒளிரக் காண்பதையே இக்கலையின் நிறைவெனக் கொள்வர். ஆயின், விளக்கை ஏற்றும் அவ்வேளையிலே வரலாற்று வினா ஒன்று எழுகின்றது. எந்த ஆண்டில், எந்தச் சாளரத்தில், எத்தகைய விளக்கு எரிந்தது? இலங்கையின் மலைநாட்டுப் பாதையை மாதிரியாக்க முனைவோர்க்கு இவ்வினா பிற நாடுகளிலும் கூர்மையானது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒளி பரவிய வரிசையே அந்நாட்டு மக்கள் வாழ்ந்த வரிசையைக் காட்டுகின்றது.

அட்டைக் கட்டடத்தின் தோற்றம்

தாளிலே அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டிச் செய்யும் கட்டடங்கள் ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெருவழக்காயின. பிரான்சின் எப்பினால் நகரத்துப் பெலரின் அச்சகமும், ஜேர்மனியின் எஸ்லிங்கன் நகரத்துச் சிறைபர் பதிப்பகமும் இத்தகைய தாள்களை வெளியிட்டுப் புகழ்பெற்றன. மரத்தாலும் தகரத்தாலும் செய்த விளையாட்டுப் பொருளை வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் கத்தரிக்கோலும் பசையும் கிடைக்கும். ஆதலின் இஃது எளியோர் கலையாகவே தொடங்கிற்று எனலாம்.

1891இல் ஜேர்மனியின் மெர்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையிலே அளவு ஒழுங்குபட்ட தண்டவாளங்களுடன் விளையாட்டுப் புகையிரதத்தைக் காட்சிக்கு வைத்தது. அதன்பின் பாதையும் வண்டியும் தனித்தனியே வாங்கி ஆண்டுதோறும் பெருக்கிக் கொள்ளக்கூடிய முறை நிலைபெற்றது. 1938இல் இங்கிலாந்தில் ஹோர்ன்பி நிறுவனம் வெளியிட்ட டப்ளோ வகை, ஓர் அடியை 4 மில்லிமீற்றராகக் குறைக்கும் அளவைப் பரப்பிற்று. அவ்வளவுக்கு ஏற்ற நிலையங்களும் வீடுகளும் அச்சிட்ட அட்டைகளாக வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் விளையாட்டுக்குக் கிடையாமற்போகவே, 1941இல் வெளிவரத் தொடங்கிய மைக்குரோமொடல்ஸ் என்னும் சிறு அட்டைத் தொகுதிகள் அக்குறையை நிரப்பின.

இக்கலையை விளையாட்டினின்றும் உயர்த்தி வரலாற்றுப் பணியாக்கியவர் ரோய் இங்கிலாண்ட் என்பவர். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து சென்ற அவர், வெண்குதிரைப் பள்ளத்தாக்கின் பழைய குடியானவர் வீடுகள் நாளுக்கு நாள் உருமாறி அழிவதைக் கண்டார். அவ்வீடுகளை அளந்து, 4 மில்லிமீற்றர் அளவில் அட்டையாற் செய்து வைத்தார். அம்முயற்சியே 1954இல் லோங் விட்டன்ஹாம் என்னும் ஊரிற் பெண்டன் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அங்குள்ளவை அரண்மனைகளல்ல, உழவர் குடில்கள். செல்வர் மனைக்கு ஓவியமும் ஆவணமும் உண்டு. ஏழையின் வீட்டுக்கோ அதனை அளந்து வைப்பாரின்றேல் யாதும் எஞ்சாது. பெண்டன் அருங்காட்சியகம் கற்பிக்கும் இப்பாடம் மலைநாட்டுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

தாளாற் கட்டடம் செய்து உள்ளே ஒளியேற்றும் வழக்கம் இலங்கைக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே மரச்சட்டத்தின்மேல் வண்ணத்தாள் ஒட்டி உயர எழுப்பும் சப்பறமும், சிங்கள மக்கள் மூங்கிற் சலாகையும் மெல்லிய தாளும் கொண்டு செய்யும் வெசாக் கூடும் அத்தகையனவே. ஒளி, தாளை ஊடுருவும்போது அதற்கு உயிர் உண்டாகின்றது என்பதை இந்நாட்டுக் கைவினைஞர் நெடுங்காலம் அறிவர்.

பாதை வந்த வரலாறு

இலங்கைப் புகையிரதப் பாதைக்கு 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வோட் முதன்மண் வெட்டினார். 1864இல் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. இதற்குக் காரணம் கோப்பி. மலையிலே விளைந்த கோப்பியை மாட்டு வண்டியிற் கொழும்புக்குக் கொண்டுவருவதற்குப் பல நாட்கள் சென்றன, செலவும் மிகுந்தது. தோட்டத் துரைமாரின் இடையறாத வேண்டுகோளே பாதையை மலைமேல் ஏற்றியது.

கண்டியைப் பாதை அடைந்த அதே 1867இல், லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டாண்டு கழிந்து, 1869இல், கோப்பி இலையில் துரு நோய் தோன்றிற்று. பாதை 1873இல் கம்பளையையும் 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. பின்னர்ப் பத்தாண்டு தங்கி, 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. அதற்குள் கோப்பி வீழ்ந்துவிட்டது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலைப் பெட்டிகளைச் சுமக்கலாயிற்று. 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்து பாதை முற்றுப்பெற்றது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியே இராகலை வரை 2 அடி 6 அங்குல அகலமுள்ள சிறுபாதை ஒன்று 1903-04இல் திறக்கப்பட்டு, 1940களில் மூடப்பட்டது.

இப்பாதையிற் கல்லுடைத்தோரிலும் மண் சுமந்தோரிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்ட பின்னர் வந்தோர் கப்பலும் வண்டியும் ஏறி மலைநாட்டை அடைந்தனர். புகையிரதத்தை அவர் கோச்சி என்றே வழங்கினர். இன்றும் மலைநாட்டில் அப்பெயர் நிலவுகின்றது.

அளவை கற்பிப்பது

மாதிரி செய்வோன் முதற்கண் எதிர்கொள்வது எண்கணக்கு. ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவில் யாவும் 76 மடங்கு சிறுக்கின்றன. இலங்கைப் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். மாதிரியில் அது 22 மில்லிமீற்றராகும். மேனாட்டுக் கடைகளில் விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலமே உடையதாதலின் இதற்கு உதவாது. மலைப்பாதையின் மிகக் கூரிய வளைவு 5 சங்கிலி, அஃதாவது 330 அடி, ஆரையுடையது. சிறுத்த பின்னும் அவ்வளைவின் ஆரை 1.32 மீற்றர் ஆகும்; அரைவட்டம் ஒன்றுக்கே ஓர் அறையின் அகலம் வேண்டும். ஏற்றம் 44க்கு 1. ஹட்டனிலிருந்து நானுஓயா வரை பாதை ஏறத்தாழ 20 மைல் சென்று ஆயிரம் அடிக்குமேல் உயர்கின்றது. அதனைக் குறையாது செய்யப் புகின் 420 மீற்றர் நீளமும் 4 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட மண்டபம் ஒன்று வேண்டும்.

ஆகவே, எவரும் யாவற்றையும் செய்ய இயலாது. சிலவற்றைத் தெரிந்து, பலவற்றை விடுதல் வேண்டும். எதனைத் தெரிவது, எதனை விடுவது என்பது வரலாறு எழுதுவோனுக்கும் உரிய இடர்ப்பாடாகும். வழக்கமாகத் தெரியப்படுவன நிலையமும், பாலமும், கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையேயுள்ள சிங்கமலைச் சுரங்கமும், தேயிலைத் தொழிற்சாலையும், துரையின் பங்களாவும் ஆம். வழக்கமாக விடப்படுவது லயம். பழைய அஞ்சலட்டைப் படங்களிலும் இதுவே காணப்படும். கொழுந்து பறிக்கும் பெண் படத்தில் இருப்பாள். அவள் இரவு தங்கும் அறை இராது.

நான்கு கட்டடங்கள்

மலைநாட்டு நிலையம் ஒரு மாடிக் கட்டடம். சுண்ணச் சாந்து பூசிய சுவர், நெளிதகடு வேய்ந்த கூரை, கூரையோரத்தில் மரத்தாலான பல்வரிசை அணி, மும்மொழியில் எழுதிய பெயர்ப்பலகை, கடல்மட்டத்தினின்றும் உயரத்தைக் கூறும் எண், பூந்தொட்டிகள் ஆகியன அதன் அடையாளங்கள். உள்ளே ஒற்றைப் பாதையைக் காக்கும் தகட்டுக் கருவி இருக்கும். அடுத்த நிலையத்தார் இசைந்தாலன்றி அக்கருவியினின்று தகடு வெளிவராது. தகட்டைக் கையிற் பெற்றாலன்றி வண்டி புறப்படாது. ஆகவே நள்ளிரவிலும் நிலைய அதிபரின் அறையிலே விளக்கு எரிந்தாக வேண்டும். கொழும்பிலிருந்து பதுளை செல்லும் இரவு அஞ்சல் வண்டி ஹட்டனைக் கடப்பது நள்ளிரவுக்குப் பின்னரே.

தொழிற்சாலை நாலைந்து மாடி உயர்ந்தது. நாற்புறமும் சாளர வரிசை உடையது. சாளரம் இத்துணை மிகுந்தமைக்குக் காரணம் அழகன்று. பறித்த கொழுந்தை மேன்மாடிகளிற் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாடவிடல் வேண்டும். அதற்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. பகலிற் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, விடியுமுன் உருட்டும் பொறிக்கு வருகின்றது. கொழுந்து மிகுந்த காலத்தில் இரவு முழுவதும் தொழிற்சாலை ஒளிர்வதும் இதனாலேயே. தொழிலாளர் இதனை இஸ்டோர் என்பர்.

பங்களா, குன்றின் உச்சியிலே, புற்றரையும் பூந்தோட்டமும் சூழ, தோட்டம் முழுவதையும் நோக்கி நிற்பது. புகைபோக்கி, அகன்ற கண்ணாடிச் சாளரம், விருந்தறை, பணியாளர்க்கு வேறிடம் என அதன் உறுப்புக்கள் பல.

லயம் இவற்றின் கீழ்ப்புறத்தே, சரிவிலே, நீண்டு கிடப்பது. ஒரே கூரையின்கீழ் ஒற்றை வரிசையாகவோ, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவோ அறைகள் அமைந்திருக்கும். பொதுவாக ஓர் அறை 10 அடிக்கு 12 அடி. முன்னே இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை. மாதிரியில் அறை 40 மில்லிமீற்றருக்கு 48 மில்லிமீற்றர் ஆகும். தீப்பெட்டி ஒன்றினும் சிறிதே பெரிது. அவ்வறையினுள்ளே ஒரு குடும்பம் சமைத்தது, உண்டது, உறங்கியது, பிள்ளை பெற்றது, நோயுற்றது. பத்து அறைகள் கொண்ட ஒற்றை லயம் மாதிரியில் 40 சென்ரிமீற்றர் நீளும். 150 அடி நீளமான தொழிற்சாலையோ 60 சென்ரிமீற்றர் நீளும். இரண்டையும் ஒரே பலகையில், ஒரே அளவில், அருகருகே வைத்துக் காண்போர்க்கு நூலிற் பல பக்கம் எழுதினாலும் விளங்காத ஒன்று ஒரு நொடியில் விளங்கும். தேயிலை இலை விரிந்து கிடப்பதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு, அதனைப் பறித்தோர் படுப்பதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதே அது.

இங்கே மாதிரி செய்வோன் ஓர் இடையூற்றை அடைகின்றான். சாளரத்தில் ஒளி காட்டுவதே அவன் கலை. ஆனாற் பழைய லயங்களிற் பல அறைகளுக்குச் சாளரமே இல்லை. கதவொன்றே உண்டு. அடுப்புப் புகையும் கூரையிடுக்கின் வழியே தான் வெளியேறல் வேண்டும்.

ஒளி பரவிய வரிசை

தொடக்க காலத்தில் நிலையத்திலும் கைகாட்டி மரத்திலும் எரிந்தவை எண்ணெய் விளக்குகளே. பங்களாவிலே கண்ணாடிக் கூண்டிட்ட மேசை விளக்குகளும், லயத்திலே தேங்காயெண்ணெய் விளக்கும் பின்னர் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கும் எரிந்தன. தொழிற்சாலைகளின் பொறிகளை முதலில் நீர்ச்சக்கரமும் நீராவி இயந்திரமும் இயக்கின. பின்னர் மலையருவியைக் குழாயில் இறக்கிச் சுழலியை ஓட்டும் முறை பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தோட்டங்களில் இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பொறியை ஓட்டிய சுழலி தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் விளக்கும் ஈந்தது. கம்பி பெரும்பாலும் அவ்விரண்டோடு நின்றுவிட்டது.

1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் அமைந்த நீர்மின் நிலையம் நுவரெலியா நகரத்துக்கு மின்னொளி வழங்கிற்று. அதனை வகுத்தவர் டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் இலங்கைப் பொறியியலாளர். மலைநாட்டு ஆறுகளால் நாடு முழுவதுக்கும் மின்சாரம் வழங்கலாம் என்பதை 1918இல் அவர் எழுதிய ஆய்வுரை விளக்கிற்று. ஆட்சியாளரின் தயக்கத்தால் அத்திட்டம் நெடுங்காலம் தாழ்த்து, 1950இல் இலக்சபான நிலையம் இயங்கியபோது தான் பயன் தந்தது. அதன்பின் காசல்ரீயும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. பெருங்கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றன.

அக்கம்பிகளின் நிழலிலே நின்ற லயங்களுக்குள் மின்னொளி பரவலாக வந்தது 1990களிலும் அதன் பின்னருமே ஆகும். அருவி தோட்டத்திலே விழுந்தது; நீர் அங்கேயே தேங்கிற்று; ஒளி மட்டும் வேறிடஞ் சென்றது. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் குப்பி விளக்கின் புகையிலே பாடம் படித்தனர். ஆகவே, 1955ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரி ஒன்றில் லயத்துக் கதவுகள் யாவும் தொழிற்சாலைச் சாளரம் போல வெண்ணிறமாய் ஒளிர்வனவாயின், அது வரலாற்றுப் பிழையாம். அழகுக்காகச் செய்த அப்பிழை, நேர்ந்த அநீதியை நேராததாக்கி விடுகின்றது.

அட்டையில் அவ்வொளியைக் காட்டுமாறு

வரலாறு இவ்வாறு அறியப்பட்டபின் கைவினை அதற்குப் பணிசெய்ய வேண்டும். சுவருக்கு 2 மில்லிமீற்றர் தடித்த சாம்பனிற அட்டையும், கதவு, நிலை, கூரையோர அணி முதலியவற்றுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் பிறிஸ்டல் அட்டையும் ஏற்றன. நெளிதகட்டின் ஒரு நெளிவு 3 அங்குலமெனக் கொண்டால் மாதிரியில் 1 மில்லிமீற்றராகும். மெல்லிய உலோகத் தாளை அத்தகைய வரிப்பள்ளங்களின்மேல் வைத்து அழுத்தினால் நெளிதகட்டுக் கூரை கிடைக்கும். தேயிலைப் பெட்டியின் உள்ளே முற்காலத்தில் விரித்த ஈயத்தாளை இஃது நினைவூட்டும். பழைய கூரைக்குத் துருநிறம் பூசுக. கற்கள் சிலவற்றைக் கூரைமேல் வைக்க. காற்றில் தகடு பறவாதிருக்கத் தொழிலாளர் செய்த ஏற்பாடு அது.

அட்டை ஒளியை முற்றும் தடுப்பதன்று. உள்ளே விளக்கேற்றினால் சுவரே மங்கலாக ஒளிரும். மூலைப் பொருத்துக்களின் வழியே ஒளி கசியும். ஆதலின் உட்சுவருக்குக் கருநிறம் பூசி, மூலைகளிற் கருந்தாள் ஒட்டுதல் வேண்டும். முற்காலத்தில் கோதுமை மணியளவான சிறு மின்குமிழ்களைப் பயன்படுத்தினர். அவை சூடேறி அட்டையை வாட்டின. 1993இல் நீல ஒளி தரும் இருவாயி யப்பானில் உருவாக்கப்பட்டபின் வெண்ணிற ஒளிகாலும் இருவாயிகள், அஃதாவது எல்.ஈ.டி. விளக்குகள், வந்தன. அவை மிகுதியும் சூடேறா. அட்டைக்கு ஊறு செய்யா.

12 வோல்ற்று மின்னோட்டத்தில் ஒரு விளக்கோடு 1,000 ஓம் தடையி இணைத்தால் அது நன்கு ஒளிரும். தொழிற்சாலைக்கு இஃது ஏற்றது. சாளரத்தின் பின்னே எண்ணெய்த் தாள் ஒட்டினால் ஒளி சீராகப் பரவும். அதே விளக்கோடு 10,000 ஓம் தடையி இணைத்தால் ஒளி மிகக் குன்றும். செம்மஞ்சள் பூசிய அத்தகைய விளக்கொன்றை லயத்து அறையின் அடித்தளத்திலே, அடுப்பிருக்கும் மூலையில் வைத்து, கதவைச் சிறிது திறந்துவிடுக. கதவிடுக்கிலும் கூரையிடுக்கிலும் தோன்றும் மெல்லிய செங்கோடே குப்பி விளக்கின் உண்மையான தோற்றம்.

மற்றுமோர் எச்சரிக்கை வேண்டற்பாலது. சிறிதாக்கிய பொருள் யாவும் இனியதாகவே தோன்றும். கிழிந்த கூரையும் சேற்று முற்றமும் விரலளவாகிய பின் கண்ணுக்கு விருந்தாகும். மஞ்சளொளி வறுமையையும் அழகு செய்யும். இதனைத் தடுப்பதற்கு ஒரு வழி உண்டு. லயத்தின் கூரையைக் கழற்றக்கூடியதாகச் செய்து, உள்ளே அடுப்பு, விறகு, கயிற்றுக் கொடி, பெட்டி, பாய், அதன்மேல் வரிசையாய்ப் படுத்த மனிதர் ஆகியோரை அளவு பிழையாது வைத்தல் வேண்டும். 40 மில்லிமீற்றர் அறையில் 20 மில்லிமீற்றர் உயரமுள்ள அறுவர் கிடப்பதைக் கண்டவர் அதனை அழகென்று கூறார்.

இருண்ட அறைகள்

அறைதோறும் தனிக்கம்பி இழுத்து விளக்கமைத்தல் நன்று. அவ்வாறு செய்தவன் விளக்கை ஏற்றவும் வல்லவன், அணைக்கவும் வல்லவன். மலைநாட்டு வரலாற்றிலே அணைந்த விளக்குக்கும் ஓர் ஆண்டு உண்டு.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசாவளித் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையால் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்வதென 1974இல் ஒப்பினர். அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்டிலர். இந்தியா செல்லக் குறிக்கப்பட்டோர் மலைநாட்டு நிலையங்களிலே வண்டியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் அடைந்தனர். ஒரே லயத்தில் பிறந்த உடன்பிறந்தார் ஒருவர் வண்டியிலும் ஒருவர் மேடையிலுமாகப் பிரிந்தனர். அழுகையொலி நிறைந்த அவ்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்னும் பெயர் வழங்கிற்று. மலையக இலக்கியத்திலும் அப்பெயர் இடம்பெற்றது. 1984இல் கப்பற் போக்குவரவு நின்றது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று.

1970ஐ ஒட்டிய ஆண்டைக் காட்டும் மாதிரியிலே ஹட்டன் நிலையத்து மேடை ஒளியோடு நிற்க, மலைமேல் லயத்தின் பத்துக் கதவுகளுள் மூன்று நான்கு இருண்டிருத்தல் வேண்டும். பார்ப்போர் அதனை விளக்குப் பழுதென எண்ணி வினவுவர். வினவும்போது விடை கூறலாம். பாதை கொண்டுவந்த மக்களை அப்பாதையே கொண்டுபோயிற்று என்பதே அவ்விடை.

எஞ்சியுள்ள பணி

புகையிரதத்துக்குக் கடுகண்ணாவையில் 2014இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தேயிலைக்குக் கண்டியை அடுத்த ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றிலே அருங்காட்சியகம் உண்டு. தொழிலாளர் வரலாற்றுக்கும் கம்பளைப் பகுதியில் பழைய பீகொக் தோட்டத்திலே, நூறாண்டு கடந்த லயம் ஒன்றினுள்ளேயே 2007இல் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. இது போற்றத்தக்கது. எனினும் தோட்டந்தோறும் லயங்கள் வேறுபட்டன. கல்லாற் கட்டியன, செங்கல்லாற் கட்டியன, ஒற்றை வரிசையின, இரட்டை வரிசையின எனப் பலவகையாகிய அவை ஒவ்வொன்றாய் இடிந்து வருகின்றன. அவற்றினிடத்தே தனிவீடுகள் எழுகின்றன. லயம் நீங்குதல் மக்கள் நெடுங்காலம் வேண்டிநின்ற ஒன்று. அதற்காக வருந்துவார் எவருமிலர். ஆயின், ஒன்றரை நூற்றாண்டு ஒரு சமுதாயம் எத்தகைய அறையில் வாழ்ந்தது என்பதற்கு அளவும் சான்றும் இல்லாமற் போதல் தகாது.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டா. அளவுநாடா, குறிப்பேடு, அட்டை, பசை, கூரிய கத்தி ஆகியன போதும். மலைநாட்டுப் பாடசாலை மாணவர் தத்தம் தோட்டத்து லயத்தின் நீளம், அகலம், கதவின் உயரம், அடுப்பின் இடம், பீலியின் தூரம் என்பவற்றை அளந்து எழுதலாம். மின்விளக்கு எந்த ஆண்டில் வந்தது, அதற்குமுன் எது எரிந்தது, எந்த அறையார் எந்த ஆண்டிற் கோச்சியேறினர் என்பவற்றை முதியோரிடம் கேட்டுக் குறிக்கலாம். இவை நூலிலே காணப்படாத செய்திகள்; முதியோர் மறையுமுன் கேட்டறிய வேண்டியவை.

மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலையின் படிகள்தோறும் விளக்குகள் எரிகின்றன. இரவு வண்டியில் ஹட்டனில் இறங்கும் யாத்திரிகர் அவ்வொளியை நோக்கிச் செல்வர். வழியிலே தொழிற்சாலையின் சாளர வரிசையையும் காண்பர். அவ்விரண்டுக்கும் இடையே இருளிற் கிடந்த நீண்ட கூரைகளைக் கண்டோர் சிலரே. அட்டையால் மலைநாட்டைச் செய்ய முனைவோன் முதலில் அக்கூரைகளிலிருந்து தொடங்குவானாக. நிலையமும் பாலமும் பின்னர் வரலாம். அவை இடியாமல் நிற்கின்றன.